சங்கரன்கோவிலிலிருந்து ஏர்வாடி வரை: மனநலச் செவிலியத்தின் அடிப்படைகள்

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மனநோயாளியை மருத்துவர் ஒரு நாளில் பார்ப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுவதும் அவர் அருகில் இருப்பவர் செவிலியர். நோயாளி இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினார், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாரா, மாத்திரையை விழுங்கினாரா அல்லது கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பினாரா, யாருமில்லாத மூலையைப் பார்த்து என்ன பேசினார் என்பதெல்லாம் செவிலியருக்கே தெரியும். இந்த அறிவை முறைப்படி திரட்டி, பதிவுசெய்து, அதன்மேல் சிகிச்சையையும் பாதுகாப்பையும் அமைக்கும் துறை மனநலச் செவிலியம். நோயை அடையாளம் காணும் பயிற்சி, நோயாளிக்கும் மற்றவர்க்கும் தீங்கு நேராமல் காக்கும் நடைமுறை, நோயாளியின் உரிமையை வரையறுக்கும் சட்டம் என்ற மூன்றும் அதன் அடிப்படைகள்.

இத்துறையின் தேவை பெருநகர மனநல மருத்துவமனைகளைவிடச் சிற்றூர்களில் கூர்மையாகத் தெரியும். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் அப்படியோர் ஊர். சிவனும் திருமாலும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசும் புற்றுமண் பிரசாதமும் ஊருக்குப் பெயர் தந்தவை. கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள சக்கரக் குழியில் மனம் பேதலித்தவர்களை உட்காரவைத்து வேண்டிக்கொண்டால் குணமாகும் என்பது இங்கே நெடுங்கால நம்பிக்கை. விசைத்தறித் தெருக்கள், பூச்சந்தை, சுற்றிலும் மானாவாரி நிலம் என்று வாழும் ஊர் இது. மனநோய் கண்டவரைக் குடும்பத்தார் கோயிலுக்கு அழைத்து வருவார்கள். அதே குடும்பம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் வரும். மருத்துவக் கல்லூரி அளவிலான சிகிச்சை வேண்டுமென்றால் சுமார் 55 கி.மீ. தள்ளித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். ஆகவே மனநோயின் முதல் அறிகுறி செவிலியர் ஒருவரின் கண்ணில் படுவதற்கே வாய்ப்பு அதிகம்.

காவலிலிருந்து கவனிப்புக்கு

தமிழ்நாட்டில் மனநோயாளிகளுக்கான நிறுவனம் சென்னையில் 1794இல் தொடங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த அதுவே இன்றைய மனநலக் காப்பகம். பிரிட்டிஷ் ஆட்சியின் 1912ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியைச் சமூகத்திலிருந்து விலக்கி அடைத்து வைப்பதையே முதன்மையாகக் கருதியது. அக்காலக் காப்பகங்களில் நோயாளிகளோடு இருந்தவர்கள் பெரும்பாலும் காவலாளிகளும் பணியாட்களுமே. கதவைப் பூட்டுவது, எண்ணிக்கை பார்ப்பது, முரண்டு பிடிப்பவரை அடக்குவது ஆகியவையே அவர்களது வேலை.

இந்நிலை மாறியதற்கு இரண்டு காரணங்கள். 1950களில் குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள் வந்தபின், அடைத்து வைக்காமலே மனநோயைக் கட்டுப்படுத்த முடிந்தது. அதே காலத்தில், 1952இல், அமெரிக்கச் செவிலியர் ஹில்டிகார்ட் பெப்லா செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே ஒரு சிகிச்சைக் கருவி என்ற கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். அறிமுகமாகி நம்பிக்கை பெறுவது, சிக்கலைச் சேர்ந்து அடையாளம் காண்பது, அதைத் தீர்க்க முயல்வது, பின்னர் நோயாளி தம் காலில் நிற்கும்படி விலகுவது என்ற அவரது படிநிலைகள் இன்றும் செவிலியக் கல்லூரிகளில் பாடம். இந்தியாவில் 1954இல் பெங்களூரில் அமைந்த அகில இந்திய மனநல நிறுவனம், இன்றைய நிம்ஹான்ஸ், மனநலச் செவிலியத்துக்குத் தனிப் பட்டயப் படிப்பைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1961 முதல் கீழ்ப்பாக்க மருத்துவமனையை வழிநடத்திய டாக்டர் எம். சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார்.

1982இல் தேசிய மனநலத் திட்டமும் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. பின்னதைத் தொடக்கத்திலேயே ஏற்ற மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. மனநல மருத்துவர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோருடன் மனநலச் செவிலியருக்கும் இத்திட்டக் குழுவில் இடம் உண்டு. ஆனாலும் இடைவெளி பெரிது. 12 மாநிலங்களில் நடந்த 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாகக் கண்டது. சிகிச்சை பெறாதவர்களின் பங்கு நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. தமிழ்நாடும் அந்த 12இல் ஒன்று.

இந்த இடைவெளியைத்தான் கோயில்களும் தர்காக்களும் நிரப்பி வந்திருக்கின்றன. அவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு எதிரான சான்றும் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை ஆராய்ந்து ரகுராம் குழுவினர் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளியிட்டனர். மருந்தோ தனிச் சடங்கோ இல்லாமலே, சில வாரங்களில் நோயறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத சூழலும் உடனிருந்த உறவினரின் துணையும் ஒழுங்கான அன்றாடமுமே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. மருந்தை நிறுத்தலாம் என்பதற்கு ஆதாரமாகாது. செவிலியர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, நோயாளி வாழும் சூழலே குணத்தில் ஒரு பங்கு என்பதைத்தான். கோயிலுக்குப் போய் வந்த குடும்பத்தை ஏளனம் செய்யும் செவிலியர் அக்குடும்பத்தை இழப்பார். ‘சாமி கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க’ என்பவர் இரண்டையும் காப்பார்.

நோய்களை அடையாளம் காணுதல்

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். இல்லாத குரல் கேட்பது, பிறர் தமக்குச் சதி செய்வதாக, செய்வினை வைத்திருப்பதாக அசைக்க முடியாத உறுதியோடு நம்புவது, கோவையில்லாத பேச்சு ஆகியவை வெளிப்படையான அறிகுறிகள். குளிக்காமல், பேசாமல், எதிலும் நாட்டமின்றி ஒடுங்கிக் கிடப்பதும் அதே நோயின் அறிகுறி. சோம்பேறித்தனம் என்று வீட்டார் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

இருமுனைக் கோளாறில் சில வாரங்கள் அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமின்மை, கடன் வாங்கிச் செலவழித்தல், ஓயாத பேச்சு. வேறு சில காலம் ஆழ்ந்த சோர்வு. மனச்சோர்வு நோயாளி தம் துயரத்தை நேராகச் சொல்வது குறைவு. நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், உடம்பெல்லாம் வலி, பசியின்மை என்றுதான் புறநோயாளி வரிசையில் வந்து நிற்பார். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்று அவர் சொன்னால், மனநிலையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அது.

பிரசவித்த முதல் இரண்டு வாரங்களில் வரும் கடும் மனநோய் தனிக் கவனம் பெற வேண்டியது. தூக்கமே இல்லாமை, குழந்தை தன்னுடையதல்ல என்ற எண்ணம், திடீர்க் குழப்பம் ஆகியவை தோன்றினால் அது தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தான அவசர நிலை. பச்சை உடம்புக்காரிக்குக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வீட்டார் மந்திரிக்கக் கிளம்பும் முன், வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியரின் கண்ணுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

குடிநோயாளியின் ஆபத்து பொது வார்டில் ஒளிந்திருக்கும். எலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்டவர் குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவார். இது பேயுமல்ல, நடிப்புமல்ல; குடிநிறுத்தக் குழப்ப நிலை. கவனிக்காவிட்டால் வலிப்பும் மரணமும் நேரலாம். கடைசியாகக் குடித்தது எப்போது என்ற கேள்வி ஒவ்வொரு சேர்க்கைப் பதிவிலும் இருக்க வேண்டும். இத்தகையவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுவது அடிப்படை விதி.

முதியவருக்குத் திடீரென்று தோன்றும் குழப்பத்தை மனநோய் என்று முடிவுகட்டுவது மற்றொரு தவறு. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை தாழ்வு, உப்புக் குறைவு, தலையில் அடி போன்றவை ஒரே நாளில் குழப்பத்தை உண்டாக்கும். மாதக்கணக்கில் மெல்ல வரும் மறதி நோயிலிருந்து இதைப் பிரித்தறிவதற்குச் செவிலியர் கேட்க வேண்டியது, ‘இது எப்போதிருந்து?’ என்பதே.

பேச்சும் மனநிலைப் பரிசோதனையும்

மனநிலைப் பரிசோதனை ஓர் ஒழுங்கில் நடக்கும். தோற்றம், நடத்தை, பேச்சு, உணர்ச்சி, எண்ணம், புலனுணர்வு, நேரம் இடம் ஆள் பற்றிய தெளிவு, நினைவாற்றல், தமக்கு நோய் இருப்பதை உணர்தல் ஆகியவை அதன் தலைப்புகள். மனநிலை கண்ட நேரத்தோடு எழுதப்பட வேண்டும். ‘நோயாளி வினோதமாக நடந்துகொண்டார்’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘இரவு 2 மணிக்கு எழுந்து, கதவை நோக்கி, வராதே என்று மூன்று முறை கத்தினார், கேட்டபோது, கொல்ல வருகிறார்கள் என்றார்’ என்று எழுதினால் அடுத்த பணிமுறையில் வரும் செவிலியருக்கும் மருத்துவருக்கும் அது தகவல்.

கேள்விகள் ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும். ‘அண்ணாச்சி, ராத்திரி தூக்கம் வந்துச்சா? ஆள் இல்லாதப்போ யாரும் கூப்பிடுற மாதிரி காதுல கேக்குதா?’ என்று கேட்டால் பதில் வரும். நோயாளியின் மாய எண்ணத்தோடு வாதாடினால் அவர் மேலும் இறுகுவார். ஒத்துக்கொண்டால் நோய் வலுப்படும். ‘எனக்கு அந்தச் சத்தம் கேக்கல, உங்களுக்குக் கேக்குறது எவ்வளவு பயமா இருக்கும்னு தெரியுது’ என்று சொல்வது இரண்டுக்கும் நடுவிலான வழி. உணர்ச்சியை ஏற்று, உண்மையை விட்டுக்கொடுக்காத பேச்சு அது.

உறவுக்கு எல்லையும் உண்டு. நோயாளியிடமிருந்து பணமோ பொருளோ பெறுவது, தம் சொந்தக் கதையைச் சொல்லி ஆறுதல் தேடுவது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எதற்கும் வாக்களிப்பது ஆகியவை கூடாதவை. தற்கொலை எண்ணத்தை ரகசியமாகச் சொன்ன நோயாளிக்கு அப்படி வாக்களித்த செவிலியர், அதை மருத்துவரிடம் சொன்னால் நம்பிக்கையைக் கெடுப்பார். சொல்லாவிட்டால் உயிரைப் பணயம் வைப்பார்.

மருந்தும் கண்காணிப்பும்

மனநோய் மருந்துகளை எழுதுவது மருத்துவர். அவற்றின் விளைவை முதலில் காண்பவர் செவிலியர். ஹாலோபெரிடால் ஊசி போட்ட சில மணி நேரத்தில், சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கி, கண்கள் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளும். பார்த்த உறவினர்கள் பேய் உக்கிரமாகிவிட்டது என்று நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடும். அது மருந்தினால் வந்த தசை இறுக்கம். ப்ரோமெத்தசின் போன்ற மாற்று ஊசியில் விரைவில் சரியாகும். இப்படி ஆகலாம் என்பதை ஊசி போடும்போதே வீட்டாரிடம் சொல்லிவைப்பது செவிலியர் கடமை. அதே மருந்து வகையால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் நினைவுத் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால், அது அரிதான ஆனால் உயிர்கொல்லியான எதிர்விளைவு. மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

குளோசபின் உட்கொள்பவருக்கு வெள்ளையணு எண்ணிக்கை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஆகவே தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. தொண்டைவலியும் காய்ச்சலும் அவருக்குச் சாதாரணச் செய்தியல்ல. வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணிடம் மாதவிலக்கு விவரம் கேட்காமல் அதைக் கொடுப்பது பிழை.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் வெயில் ஊர்களில் தனி எச்சரிக்கை கேட்கும் மருந்து. இரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகும். உடலில் உப்பும் நீரும் குறைந்தால் அதன் அளவு ஏறும். கோடையில் வயலில் வியர்த்து உழைப்பவர், வயிற்றுப்போக்கு கண்டவர், நாட்டு மருந்துக்காக உப்பில்லாப் பத்தியம் இருப்பவர், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குபவர் எல்லோருமே ஆபத்தில் இருக்கிறார்கள். கைநடுக்கம் கூடுதல், வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் ஆகியவை முன்னறிவிப்பு. பத்தியம், விரதம், வேலை, வேறு மாத்திரை ஆகியவற்றைக் கேட்டறியாமல் லித்தியம் கொடுத்தனுப்புவது பாதி வேலை.

மனச்சோர்வு மருந்துகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதே வழக்கம் என்பதால், இந்தக் காலக் கணக்கைக் குடும்பத்துக்குச் சொல்வதும் சிகிச்சைதான்.

நோயாளி பாதுகாப்பு

மனநல வார்டில் முதல் ஆபத்து தற்கொலை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். 19,834 பேருடன் தமிழ்நாடு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தவறு. கேட்பது பாரத்தைக் குறைக்கிறது. வழி யோசித்திருக்கிறாரா, முன்பு முயன்றாரா, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பவற்றையும் வெளிக்கொணர்கிறது. நோயாளி சற்றுத் தேறி உடலில் தெம்பு வந்திருக்கும் நாட்களும், வீடு திரும்பிய முதல் வாரங்களும் ஆபத்து மிகுந்தவை. அமைதியாகிவிட்டார் என்று கண்காணிப்பைத் தளர்த்தும் வார்டில் இழப்பு நேரும்.

வார்டின் அமைப்பே பாதுகாப்பின் பகுதி. தொங்குவதற்கு இடம்தரும் கொக்கிகள், கண்ணாடி, கத்தி, கயிறு, பூட்டு போட்ட குளியலறை ஆகியவை கணக்கெடுக்கப்பட வேண்டும். பணிமுறை மாறும்போது நோயாளிகளை எண்ணிப் பார்த்து, ஆபத்துள்ளவர் யார் என்று வாய்மொழியாகவும் எழுத்திலும் ஒப்படைக்க வேண்டும். விவசாயக் குடும்பங்களில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே பல மரணங்களுக்குக் காரணம். காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பொதுப் பூட்டுப் பெட்டகம் அமைத்து விவசாயிகளின் மருந்தை அதில் வைக்கச் செய்த முயற்சி 2013இல் ஆய்வாக வெளிவந்தது. வீட்டிலிருந்து நஞ்சை அகற்றச் சொல்லும் ஒரு வரி, வீடு அனுப்பும் சீட்டில் இடம்பெறத் தகும்.

கொந்தளிக்கும் நோயாளியிடம் முதல் மருந்து தாழ்ந்த குரல். கூட்டத்தை விலக்குவது, கைக்கெட்டாத தொலைவில் பக்கவாட்டில் நிற்பது, வெளியேறும் வழியை மறிக்காமல் இருப்பது, ஒருவர் மட்டும் பேசுவது ஆகியவை பலனளிப்பவை. பயன்படாதபோது மருந்து. கட்டிவைப்பது எல்லாம் தவறியபின் மட்டுமே. அப்போதும் அடிக்கடி இரத்த ஓட்டம், மூச்சு, தாகம், கழிப்பறைத் தேவை ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று அஞ்சும் மின்னதிர்வு சிகிச்சை, கடும் மனச்சோர்விலும் உண்ணாமல் அசையாமல் உறைந்துபோகும் நிலையிலும் உயிர் காப்பது. முன்னதாக ஆறு மணி நேரம் வெறும் வயிறு, ஒப்புதல் படிவம், பல்செட்டும் நகையும் கொண்டை ஊசியும் கழற்றப்பட்டனவா என்ற சரிபார்ப்பு செவிலியர் பொறுப்பு. பின்னர் கண்விழிக்கும் நோயாளி சிறிது நேரம் குழம்பியிருப்பார். இடமும் நேரமும் சொல்லி அருகிலிருக்க வேண்டும்.

ஏர்வாடியும் சட்டமும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்துவந்த தனியார் மனநோயாளிகள் விடுதியொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. ஏர்வாடியின் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டு, உள்ளிருந்தவர்கள் அரசுப் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். 2007இல் விடுதி உரிமையாளருக்கும் உறவினர் சிலருக்கும் 7 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சங்கிலி பாதுகாப்புக்காகத்தான் என்பது விடுதிகள் சொல்லிவந்த காரணம். தீ வந்தபோது அந்தச் சங்கிலியே கொன்றது. இன்று மனநலச் செவிலியத்தில் பாதுகாப்பு என்று சொல்லும்போது, தீயணைப்பானும் திறந்த வெளியேறும் வழியும் அதன் முதல் வரியில் இருப்பதற்கு இதுவே காரணம்.

1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 95ஆம் பிரிவு, எவ்விதத்திலும் சங்கிலியிடுவதையும் மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத மின்னதிர்வு சிகிச்சையையும் தடைசெய்கிறது. 97ஆம் பிரிவின்படி தனியறையில் அடைப்பது கூடாது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்து, தேவைக்கு மேல் நீடிக்காமல், பதிவோடு கட்டிவைக்கலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கவோ கட்டிவைப்பதைச் சட்டம் வெளிப்படையாக விலக்குகிறது. இரவுப் பணியில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டுகளுக்கு இந்த வரி நேராகப் பொருந்தும். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

சேர்க்கை பெரும்பாலும் நோயாளியின் சம்மதத்தோடு, 86ஆம் பிரிவின்படி நடக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவர் கேட்டால் விடுவிக்க வேண்டும். முடிவெடுக்கும் திறன் குன்றி, தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையிலோ தம்மைப் பேணிக்கொள்ள முடியாத நிலையிலோ இருப்பவரை, அவருக்கென நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 89ஆம் பிரிவின்படி 30 நாள் வரை சேர்க்கலாம். இதற்கு இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும்: ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநலத் தொழில்முறையாளர் அல்லது மருத்துவர். மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்ற மனநலச் செவிலியரும் அந்த இரண்டாமவராக இருக்கலாம். பெண்ணோ சிறாரோ சேர்க்கப்பட்டால் 3 நாளுக்குள்ளும், மற்றவர் என்றால் 7 நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். மனநல மருத்துவர் இல்லாத தாலுகா மருத்துவமனையில், 94ஆம் பிரிவு எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தர இடமளிக்கிறது. மின்னதிர்வு சிகிச்சை மட்டும் அதில் சேராது.

சங்கரன்கோவில் போன்ற திருத்தலங்களில் அலைந்து திரியும் நோயாளிகளுக்கு 100ஆம் பிரிவு பொருந்தும். அவர்களைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காவல் நிலைய அறையில் அடைக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்துடன் செய்யும் முயற்சி மட்டும் குற்றமாக உள்ளது. ஆகவே விஷம் குடித்து வந்தவரிடம் வழக்கு வரும் என்று மிரட்டுவது சட்டப்படியும் தவறு, செவிலிய நெறிப்படியும் தவறு.

வருங்காலத்தில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை 5ஆம் பிரிவில் உண்டு. 23, 24ஆம் பிரிவுகள் ரகசியத்தைக் காக்கின்றன. நோயாளியின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தர முடியாது. கைப்பேசியில் வார்டு காட்சியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே மீறல்தான். குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால் மட்டும் ரகசியம் காக்க இயலாது. போக்ஸோ சட்டப்படி புகாரளிப்பது கட்டாயம். இவை அனைத்திலும் செவிலியரைக் காப்பது கேஸ் ஷீட்டில் நேரமும் கையெழுத்துமாக இருக்கும் குறிப்பு. எழுதப்படாத கண்காணிப்பை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம்.

வீடு திரும்பிய பின்

மனநோய்ச் சிகிச்சையின் நீண்ட பகுதி வார்டுக்கு வெளியே நடப்பது. மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முதல் காரணம். மாதத்துக்கொரு முறையோ இரண்டு முறையோ போடும் நீண்டகால ஊசி, மாத்திரை மறப்பவருக்கு உதவும். ஊசித் தேதியில் வராதவரைத் தேடிப் போவது சமூகச் செவிலியர் வேலை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் அமைப்பு பேருந்தில் காணொலி வழி மருத்துவரை ஊருக்கே கொண்டுசென்ற முயற்சி, தொலைவு என்ற தடை நீக்கக்கூடியது என்று காட்டியது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் தமிழிலும் இரவு பகலாக இயங்குகிறது, இலவசமானது. மருத்துவமனைச் சுவரிலும் கோயில் வளாகத்திலும் எழுதிவைக்க ஏற்ற எண் அது.

வீட்டில் ஓயாமல் குறைசொல்வதும், அளவுக்கு மீறிப் பொத்திவைப்பதும் மனச்சிதைவு மீண்டும் வெடிக்கக் காரணமாகும் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட முடிவு. நோயாளியைச் சிறு வேலைகளில் ஈடுபடுத்தச் சொல்வதும், கவனித்துக் களைத்த தாய்க்கு ஓய்வு தேடித் தருவதும் செவிலியரின் ஆலோசனையில் அடங்கும். தறிக்கூடத்து இரவுப் பணி தூக்கத்தைக் கெடுத்து இருமுனைக் கோளாறைத் தூண்டும்; பகல் பணிக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் குடும்பம் பேசுவது மருந்துக்கு இணையான உதவி.

மனநோயாளியைக் காப்பது சங்கிலியோ பூட்டோ அல்ல; பயிற்சி பெற்ற ஒருவரின் இடைவிடாத கவனிப்பும், அக்கவனிப்பின் பதிவும், அதற்குப் பின்னால் நிற்கும் சட்டமும்தான். ஏர்வாடிக்குப் பிறகு சட்டம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் மனநலப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரையாவது நிரந்தரப் பணியில் அமர்த்தினால்தான், அந்தச் சட்டம் சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் வார்டுகளில் நடைமுறையாகும்.